அடி, அங்குலம், முழம், மீட்டர்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்களுடையது சின்ன ஊரில் ஒரு ஹார்டுவேர் கடை. கம்பி, பைப், ப்ளைவுட், டேப் என்று எது வாங்க வந்தாலும் அளவில்தான் பேச்சு தொடங்கும். வீடு கட்டுகிறவர், ஆசாரி, கொத்தனார், வீட்டுப்பாடத்தோடு வரும் பிள்ளைகள் என்று கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்கக் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

1. அண்ணே, ஒரு அடிக்கு எத்தனை இன்ச்சு, ஒரு மீட்டருக்கு எத்தனை அடி? சட்டுன்னு சொல்லுங்க.

12 அங்குலம் ஒரு அடி. 3 அடி ஒரு கஜம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., ஒரு அடி 30.48 செ.மீ., ஒரு கஜம் 91.44 செ.மீ. ஒரு மீட்டர் என்பது 3.28 அடி. டேப்பில் பார்த்தால் 3 அடி 3 அங்குலம் 3 நூல் (நூல் கணக்கு அடுத்த பதிலில்).

25.4 என்பது தோராயம் அல்ல, சரியாகவே அவ்வளவுதான். முன்பு பிரிட்டன் அங்குலமும் அமெரிக்க அங்குலமும் மயிரிழை அளவுக்கு வேறுபட்டன. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறும் பேசி, ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. அன்றிலிருந்து அங்குலத்துக்குத் தனியாக ஒரு மூலம் கிடையாது. மீட்டரின் ஒரு பகுதிதான் அது. அமெரிக்க நில அளவைக்காரர்கள் மட்டும் தங்கள் பழைய அடியை 2022 முடியும்வரை விடாமல் வைத்திருந்தார்கள்.

2. ஆசாரி 'மூணு நூல்', 'அஞ்சு நூல்'னு சொல்றாரே, அது என்ன கணக்கு?

ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். 2 நூல் கால் அங்குலம், 4 நூல் அரை, 6 நூல் முக்கால். மில்லிமீட்டரில் ஒரு நூல் 3.175. டேப்பின் அங்குலப் பக்கத்தில் இருக்கும் மிகச் சின்னக் கோடு பெரும்பாலும் அரை நூல், அதாவது பதினாறில் ஒன்று. கோட்டை எண்ணும்போது அதைக் கவனிக்காவிட்டால் 3 நூல் ஒன்றரை நூலாகிவிடும். கதவுச் சட்டத்தில் அந்த ஒன்றரை நூல் போதும், கதவு சேராது.

3. என் உயரம் 5.6 அடி. ஃபாரத்துல செ.மீ. கேக்குறான், 5.6-ஐ 30.48 ஆல பெருக்கலாம்ல?

நீங்கள் சொல்வது 5 அடி 6 அங்குலம் என்றால் பெருக்கக் கூடாது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து இல்லை. 5 அடி 6 அங்குலம் என்பது ஐந்தரை அடி, 167.6 செ.மீ. தசமமாக 5.6 அடி என்றால் 5 அடி 7 அங்குலத்துக்கும் மேல், 170.7 செ.மீ. ஒரே ஒரு புள்ளியால் மூன்று சென்டிமீட்டர் மாறிவிட்டது. 5.10 என்று எழுதினால் இன்னும் மோசம்: கால்குலேட்டர் அதை 5.1 என்று எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் கட்டட வரைபடங்களில் அடிக்கு ஒற்றைக் குறியும் அங்குலத்துக்கு இரட்டைக் குறியும் போடுகிறார்கள். அதையே பழகிக்கொள்வது நல்லது. ஜன்னல் 4.6 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாலரை அடி வரும் என்று எதிர்பார்த்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

4. அடி-ங்கறது ஏதோ ஒரு இங்கிலாந்து ராஜாவோட பாதமாமே?

கேட்க நன்றாக இருக்கும் கதை. மன்னர்களுக்கெல்லாம் முன்பே ரோமானியர்களிடம் அடி இருந்தது. அவர்கள் அடி ஏறக்குறைய 29.6 செ.மீ.; அதையும் பன்னிரண்டாகத்தான் பிரித்தார்கள். ரோம் போனபின் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் ஒரு அடி முளைத்தது. பாரிஸ் அடி 32.5 செ.மீ. அளவுக்கு இருந்தது. இங்கிலாந்தின் அடி 30.48-ல் நின்றது, பேரரசோடு சேர்ந்து நம் ஊர்வரை வந்தது.

கஜத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு: முதலாம் ஹென்றியின் மூக்கு நுனியிலிருந்து நீட்டிய கையின் கட்டைவிரல் வரை என்பார்கள். நடைமுறையில் அளவு எப்போதும் ஒரு கட்டையிலோ உலோகத் தண்டிலோதான் இருந்தது. அதற்கும் ஆபத்து உண்டு. 1834-ல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது உள்ளே இருந்த மூல கஜமும் கெட்டுப்போனது. மிச்சமிருந்த நகல்களை ஒப்பிட்டுப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்தார்கள். அது சட்டப்படி செல்லுபடியானது 1855-ல்.

5. பூக்காரம்மா முழம் ஒண்ணு, என் முழம் ஒண்ணு. அப்ப முழம்னா என்ன அளவு?

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். விரித்த கையின் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு சாண். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். கடைக் கணக்கில் சாணை 9 அங்குலம் என்றும் முழத்தை ஒன்றரை அடி என்றும் வைத்துக்கொள்கிறோம். எகிப்தியர்களும் முழத்தில்தான் அளந்தார்கள். அவர்களுடைய அரச முழம் 52 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட.

ஆளுக்கு ஆள் மாறுவது குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவரவர் சாணில் எட்டு வைத்தால் அவரவர் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்று சொல்லி வைத்ததில் அளவைச் சூத்திரமே இருக்கிறது. உங்களுக்கு நீங்களே ஏணியோ மண்வெட்டிப் பிடியோ செய்துகொள்ள இதைவிட வசதியான அளவுகோல் இல்லை. சிக்கல் விற்பதும் வாங்குவதும் என்று இரண்டு பேர் வந்தபின்தான். பூக்காரம்மா கையை எங்கே மடக்குகிறார் என்பதைப் பொறுத்து ஒரு முழத்துக்கு நாலு பூ கூடும், குறையும். சட்டப்படி வியாபாரத்துக்கு மெட்ரிக் அளவுதான். ஆனாலும் மல்லிகையை 45 சென்டிமீட்டர் கொடுங்கள் என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

6. நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி, ஆறு கஜம் சேலை... இதெல்லாம் மீட்டர்ல எவ்வளவு?

மேலே சொன்ன ஒன்றரை அடிக் கணக்கில் நாலு முழம் 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66 மீட்டர். இப்போது மில்லில் வருவது இதற்குச் சற்று முன்பின் இருக்கும். பெயர் மட்டும் முழத்தில், மேல் அட்டையில் மீட்டர் அச்சடித்திருக்கும். உயரமானவர்கள் அட்டையைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆறு கஜம் என்றால் 5.49 மீட்டர். சேலையில் ஐந்தரை மீட்டர் என்று போட்டிருப்பது அதேதான். ரவிக்கைத் துணியோடு சேர்த்தால் 6.3 மீட்டர் பக்கம் வரும். மடிசார் கட்டும் ஒன்பது கஜம் 8.2 மீட்டர்.

7. கோயில் சுவத்துல நீளமா ஒரு கோடு வெட்டி, ரெண்டு பக்கமும் குறி போட்டிருக்கே, அது அளவுகோலா?

ஆமாம். பல பழைய கோயில்களின் சுவரிலும் அடித்தளத்திலும் இப்படி நிலமளக்கும் கோலின் நீளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். சோழர் கால, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 12 சாண் கோல், 16 சாண் கோல், 18 சாண் கோல் என்றெல்லாம் வரும். வட்டாரத்துக்கு ஒரு கோல் இருந்ததால் எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். மூங்கில் கோல் தேயும், ஒடியும், யாராவது அரை விரல் வெட்டியும் விடலாம். சண்டை வந்தால் கோயில் சுவருக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. லண்டன் கிரீன்விச் வானாய்வகத்தின் வெளிச்சுவரிலும் இதே காரணத்துக்காக கஜத்தையும் அடியையும் பதித்திருக்கிறார்கள். நம்முடையது பல நூற்றாண்டு முந்தியது.

தூரத்துக்குக் காதம். அகராதியில் ஏறக்குறைய 10 மைல் என்றிருக்கும், ஆனால் காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறிய அளவு அது. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களைப் பற்றிப் படித்தபோது அசந்துபோனேன். காதக் கணக்கை எழுத்தில் வெட்டியதோடு, படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காகக் குழிகளாகவும் போட்டிருக்கிறார்கள். 29 காதத்துக்கு இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளில்கூட இந்தக் கரிசனம் கிடையாது.

8. மீட்டரை யாரு, எதை வெச்சு முடிவு பண்ணாங்க?

பிரெஞ்சுப் புரட்சி நேரத்தில். ஊருக்கு ஊர் வேறு அளவு என்ற தொல்லை அங்கே உச்சத்தில் இருந்தது. எந்த மன்னன் உடம்பையும் சாராத, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒன்று வேண்டும் என்று பூமியையே எடுத்துக்கொண்டார்கள். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று 1791-ல் தீர்மானம். அதை அளக்க தெலாம்பர், மெஷான் என்ற இரண்டு வானியலாளர்கள் 1792-ல் புறப்பட்டார்கள். டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்து முடிக்க ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் போர், உளவாளிகள் என்று சந்தேகப்பட்டுப் பிடித்தும் வைத்தார்கள். 1799-ல் பிளாட்டினத் தண்டு ஒன்று செய்து இதுதான் மீட்டர் என்றார்கள்.

பூமி முழு உருண்டை இல்லையாதலால் அந்தத் தண்டு 0.2 மி.மீ. குட்டையாகிவிட்டது. அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 10,000 கி.மீ. வரவேண்டியது 10,002 ஆக இருப்பது இதனால்தான். பூமியின் சுற்றளவு ஏன் கச்சிதமாக 40,000 கி.மீ. பக்கம் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தற்செயல் இல்லை, அப்படி வரும்படி எடுத்த அளவு.

9. அந்தத் தண்டு இன்னும் பாரிஸ்ல இருக்கா? அது தேஞ்சு போனா எல்லார் டேப்பும் தப்பாயிடுமா?

இருக்கிறது, ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. 1889-ல் பிளாட்டினம்-இரிடியம் கலவையில் புதுத் தண்டு வந்தது. 1960-ல் தண்டை விட்டு கிரிப்டான் விளக்கின் ஒளியலைக்கு மாறினார்கள். 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம்தான் மீட்டர். ஒளி தேயாது, தீப்பிடிக்காது. நம் நாட்டுக்கான மூல அளவைப் பார்த்துக்கொள்வது புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். கடைகளில் தராசுக்கும் மீட்டர் தண்டுக்கும் முத்திரை போட வருபவர்கள் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர்கள்.

10. மெட்ரிக் வந்து இவ்வளவு வருஷமாச்சு, இன்னும் ஏன் அடியிலேயே பேசுறோம்?

எடையளவுச் சட்டம் 1956-ல் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, 1958 அக்டோபரிலிருந்து கிலோ, 1960களின் தொடக்கத்துக்குள் மீட்டரும் கட்டாயம். சேர், வீசை, மணங்கு எல்லாம் ஒரு தலைமுறையில் மறைந்தன. அடி மறையவில்லை.

எனக்குத் தோன்றும் காரணம் இது: அரிசி தின்றால் தீர்ந்துவிடும், நாளைக்குக் கிலோவில் வாங்கலாம். வீடு அப்படியே நிற்கிறது. பழைய வாசல் மூணடி என்றால் புதுக் கதவும் மூணடிதான் வேண்டும். ப்ளைவுட் 8-க்கு 4 அடி என்று நிலைத்துவிட்டது. ஆலையில் அதை 2440-க்கு 1220 மி.மீ. என்கிறார்கள். எந்தப் பொருள் அழியாமல் நிற்கிறதோ அதன் அளவும் கூடவே நிற்கும். கீழே வரும் பல பதில்களிலும் இந்த விஷயம்தான் ஒளிந்திருக்கிறது.

11. ஒரு மைலுக்கு 5280 அடின்னு ஏன் இப்படி ஒரு எண்? ஒரு சென்ட் 435.6 சதுர அடிங்கறதும் அதே மாதிரி கோணலா இருக்கே?

மைலுக்குக் காரணம் உழவர்களின் பர்லாங், சென்ட்டுக்குக் காரணம் ஒரு சங்கிலி, நிஜமான இரும்புச் சங்கிலி. ரோமானிய மைல் ஆயிரம் இரட்டைக் காலடி, அதாவது 5000 ரோமானிய அடி. இங்கிலாந்திலோ உழவர்கள் பர்லாங்கில் கணக்குப் போட்டார்கள். ஏர் ஒரே மூச்சில் ஓட்டும் சாலின் நீளம், 660 அடி. நிலப் பத்திரமெல்லாம் பர்லாங்கில் இருந்ததால் அதை அசைக்க முடியவில்லை. 1593-ல் எலிசபெத் ராணி காலச் சட்டம் மைலை 8 பர்லாங் என்று வளைத்தது. எட்டு அறுநூற்று அறுபது, 5280.

1620-ல் எட்மண்ட் கண்டர் என்ற கணிதப் பேராசிரியர் 66 அடி நீளத்தில் 100 கண்ணி உள்ள நில அளவைச் சங்கிலியைக் கொண்டுவந்தார். 10 சங்கிலி ஒரு பர்லாங், 80 சங்கிலி ஒரு மைல். ஒரு பர்லாங் நீளமும் ஒரு சங்கிலி அகலமும் ஒரு ஏக்கர்: 660 பெருக்கல் 66, 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒன்று சென்ட், 435.6. சங்கிலிக் கணக்கில் பார்த்தால் கோணலே இல்லை: ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட், 1000 சதுரக் கண்ணி ஒரு சென்ட். சதுர அடிக்கு மாற்றியதால்தான் கோணல் வந்தது. கிரிக்கெட் பிட்ச் 22 கஜம் என்பதும் சரியாக ஒரு சங்கிலி.

12. பட்டாவுல 0-04.50னு இருக்கு. அது எத்தனை சென்ட்?

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். உங்களுடையது 4.5 ஏர். ஒரு ஏர் 10 மீட்டருக்கு 10 மீட்டர், 100 சதுர மீட்டர், சென்ட்டில் 2.47. ஆக 11.1 சென்ட். சென்னைப் பக்கம் சொல்லும் கிரவுண்டு 2400 சதுர அடி, ஐந்தரை சென்ட்.

13. 100 சதுர மீட்டர்னா 328 சதுர அடிதானே? மீட்டருக்கு 3.28னு நீங்கதான சொன்னீங்க?

நீளத்துக்கு 3.28. சதுரம் என்றால் நீளமும் அகலமும் இரண்டுமே மாறுகின்றன, 3.28-ஐ 3.28 ஆல் பெருக்கி 10.76. 100 சதுர மீட்டர் 1076 சதுர அடி. கன அளவுக்கு இன்னொரு முறை பெருக்கி 35.3. மணல் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். டைல்ஸ் எண்ணிக்கையில் இந்தத் தப்பு நடந்தால் மூன்றில் ஒரு பங்குதான் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

14. நாலு நூல் கம்பி கேட்டா 12 எம்.எம். தர்றீங்க. அரை இன்ச்சுன்னா 12.7 இல்லையா, ஏமாத்துறீங்களா?

ஏமாற்று இல்லை, பெயர்தான் பழையது. ஆலையில் உருட்டுவது 8, 10, 12, 16, 20, 25 மி.மீ. கம்பிகள். அதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர்கள் முறையே இரண்டரை, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு நூல். 5 நூல் 15.9 மி.மீ., 16-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயரைவிட அதிகம் குறைவது நாலு நூல்தான். 12.7-க்கும் 12-க்கும் விட்டத்தில் சின்ன வித்தியாசம், ஆனால் குறுக்குப் பரப்பில் 11 சதவீதம் குறையும் (கேள்வி 13-ல் சொன்ன அதே பெருக்கல்).

என்ஜினியர் வரைபடத்தில் 12 மி.மீ. என்று இருந்தால் கவலை இல்லை. அங்குலத்தில் போட்ட பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டினால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கம்பி சரியான தடிமனா என்று பார்க்க எடை போடலாம். மி.மீ. விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் கிலோ வரும். 12 மி.மீ. என்றால் 0.89 கிலோ.

15. அரை இன்ச்சு பைப்பை எங்க அளந்தாலும் அரை இன்ச்சு வரலையே?

வராது. அரை அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., உள்விட்டம் 15, 16 மி.மீ. அரை அங்குலமோ 12.7. பழைய இரும்புக் குழாயின் சுவர் தடியாக இருந்த நாளில் உள்துளையை வைத்து வந்த பெயர் அது. பிறகு சுவர் மெலிந்தது. மரை பொருந்த வேண்டும் என்பதால் வெளிவிட்டத்தை மாற்ற முடியவில்லை, துளைதான் பெரிதாகியது.

பிளம்பிங்குக்கு வரும் பி.வி.சி. பைப்புக்கு வெளிவிட்டத்தை மி.மீ.யில் சொல்கிறார்கள். 20 மி.மீ. பைப்புக்கு அரை அங்குல ஃபிட்டிங், 25-க்கு முக்கால், 32-க்கு ஒரு அங்குலம். சி.பி.வி.சி. அரை அங்குலத்துக்கு வெளிவிட்டம் 15.9 மி.மீ., பி.வி.சி. ஃபிட்டிங் அதில் ஏறாது. எண்ணை மனப்பாடம் செய்வதைவிட பழைய பைப்பில் நாலு விரல் துண்டு வெட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

16. டி.வி. பெட்டியில 80 செ.மீ.ன்னும் 32 இன்ச்சுன்னும் போட்டிருக்கு. பெருக்கினா 81.3 வருதே?

மெட்ரிக்கில் போடவேண்டும் என்பது சட்டம், அதனால் செ.மீ.தான் உண்மையான அளவு. 80 செ.மீ. 31.5 அங்குலம், அதை 32 வகை என்று விற்கிறார்கள். திரையின் மூலைக்கு மூலை எடுக்கும் அளவு இது. அலமாரியில் வைக்க வேண்டுமானால் இது உதவாது, சட்டத்தோடு சேர்ந்த அகலத்தைத் தனியாகப் பாருங்கள்.

17. செருப்பு 7, 8, 9ங்கறது என்ன அளவு?

பார்லி மணி. இடைக்கால இங்கிலாந்துச் சட்டத்தில் மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஒரு அங்குலம் என்று இருந்தது. பிரிட்டிஷ் செருப்பு அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இன்றும் ஒரு பார்லி மணிதான் வித்தியாசம், 8.5 மி.மீ. நாமும் அந்த எண்ணைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறோம்.

18. மழை தண்ணிதானே? லிட்டர்ல சொல்லாம ஏன் செ.மீ.ல சொல்றாங்க?

லிட்டரில் சொன்னால் எவ்வளவு இடத்தில் என்று கேட்க வேண்டிவரும். வாளியில் பிடித்தாலும் அண்டாவில் பிடித்தாலும், பக்கம் நேராக இருந்தால், தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான். அதனால் உயரத்தைச் சொல்கிறார்கள். 10 செ.மீ. மழை என்றால், ஓடாமல் உறிஞ்சாமல் ஆவியாகாமல் இருந்தால் ஊர் முழுக்கப் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றிருக்கும்.

வீட்டுக் கணக்குக்கு இது அருமையான அளவு. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 1000 சதுர அடி மொட்டை மாடி 93 சதுர மீட்டர். அதில் ஒரு செ.மீ. பெய்தால் 930 லிட்டர், ஒரு சின்டெக்ஸ் டேங்க் நிறைய. மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். கேட்டுவிட்டுப் பலர் தொட்டியைப் பெரிதாக்குகிறார்கள். மேலிருந்து இறங்கும் பைப்பை மட்டும் சின்னதாகவே வாங்கிப் போகிறார்கள்.

19. அதே நியூஸ்ல மழை செ.மீ., அணை மட்டும் அடி. ஏன் இந்தக் குழப்பம்?

கேள்வி 10-ல் சொன்னதுதான். மேட்டூர் 1934-ல் கட்டி முடித்தது, 120 அடி. வைகை 71 அடி, செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி. அளவுக் கம்பம் அடியில், எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணையும் அடியில், வரத்து கன அடியில், கொள்ளளவு டி.எம்.சி.யில், அதாவது நூறு கோடி கன அடியில். மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. முல்லைப் பெரியாறு வழக்கே 136, 142, 152 என்ற அடிகளைச் சுற்றித்தான் நடந்தது. 142 அடி என்றால் தேனி மாவட்டத்தில் விளக்கம் தேவையில்லை, அதை 43.28 மீட்டர் என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

20. கடல் மைல் ஏன் தனி? கடலுக்கு ஒரு மைல், தரைக்கு ஒரு மைலா?

கடலில் கல் நட முடியாது, வானத்தைப் பார்த்து அட்சரேகையைத்தான் கணிக்க முடியும். ஒரு பாகை அட்சரேகையை 60 கலையாகப் பிரித்தால் ஒரு கலைக்கு உரிய தூரம் ஒரு கடல் மைல். 1929-ல் அதை 1852 மீட்டர் என்று நிலைப்படுத்தினார்கள். நம் கடல் எல்லை 12 கடல் மைல் என்பது 22 கி.மீ.; பொருளாதார மண்டலம் 200 கடல் மைல், 370 கி.மீ. புயல் செய்தியில் வரும் நாட், மணிக்கு ஒரு கடல் மைல். விமானத்திலும் தூரம் கடல் மைலில், உயரம் அடியில், ஓடுபாதை மீட்டரில். ஆழத்துக்கு நம் மீனவர்கள் சொல்வது பாகம்: இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை இழுத்தால் ஒரு பாகம், ஆறடிக்குப் பக்கம்.

21. பிளாஸ்டிக் பையில மைக்ரான்னு போடுறாங்களே?

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. தலைமுடியின் தடிமன் 50-லிருந்து 100 மைக்ரான் வரை இருக்கும். 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் தூக்குப் பை கூடாது என்பது மத்திய விதி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தூக்குப் பைகளுக்குத் தடிமன் எதுவானாலும் தடை.

22. வெயில்ல டேப்பு நீளுமாமே, நெசமா?

நீளும். 100 அடி இரும்பு டேப், 10 டிகிரி சூடு ஏறினால் மூன்றரை மி.மீ. நீள்கிறது. வீட்டு வேலைக்கு அது பொருட்டே இல்லை. நாட்டை அளப்பவருக்குப் பொருட்டு. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அளவைக்கு அடிப்படையான ஏழரை மைல் நீள நேர்க்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, சங்கிலியைப் பெட்டிகளுக்குள் நிழலில் வைத்து, கூடவே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. கோணம் அளக்கும் கருவியான அவருடைய அரை டன் தியோடலைட்டை 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. அதையும் தானே தட்டிச் சரிசெய்தார்.

23. மீட்டர் கேஜ் ரயில்ல மீட்டர் எங்க இருக்கு?

இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புக்கு இடையே, சரியாக ஒரு மீட்டர். அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. ஊட்டி ரயில் இன்றும் மீட்டர் கேஜ்தான்.

24. இந்த டேப்போட நுனிக் கொக்கி ஆடுது, வேற குடுங்க.

ஆடத்தான் வேண்டும். பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது அளவு கொக்கியின் உள்பக்கத்தில் தொடங்க வேண்டும். சுவரில் முட்டி அளக்கும்போது வெளிப்பக்கத்தில் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கொக்கித் தகட்டின் தடிமன். அதே அளவுக்கு அது நகரும்படி செய்திருக்கிறார்கள். ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்த டேப் அதற்குப்பின் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் பொய்தான் சொல்லும்.

25. ஆசாரி டேப்பு ஒண்ணு சொல்லுது, என் டேப்பு ஒண்ணு சொல்லுது. எதை நம்புறது?

நல்ல டேப்பின் நாக்கில், மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில், ரோமன் எழுத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று வகுப்பு அச்சடித்திருக்கும். இரண்டாம் வகுப்பில் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கலாம். ஆக இரண்டு நல்ல டேப்பே அரை நூலுக்கு மேல் மாறலாம். வகுப்பே போடாத டேப்புக்குக் கணக்கே இல்லை.

முதலில் கொக்கியைப் பாருங்கள் (கேள்வி 24). வளைந்திருந்தால், பத்து செ.மீ. கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கி, வந்த அளவில் பத்தைக் கழித்துவிடுங்கள். அப்புறம், சட்டத்தை அளந்த டேப்பாலேயே கதவையும் அளக்கச் சொல்லுங்கள். யாருடைய டேப் என்பது முக்கியமில்லை, இரண்டுக்கும் ஒரே டேப்பாக இருக்கட்டும்.